விதை ஒன்றுதான், கண்டுமுதல் வேறு

வைகாசி பிறந்துவிட்டால் வேளாண்மை விரிவாக்க மையத்து வாசலில் விதைக்காக நிற்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த ரகம் மாவுக்கு எத்தனை மூட்டை காணும்?" திருவாரூர் மாவட்டத்துக் கடைமடை ஊர்களில் உதவி வேளாண்மை அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் அப்படிக் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் மூன்று மா, நான்கு மா. அதிலும் ஒரு பகுதி குத்தகை. காவிரிப் படுகைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்று மா ஓர் ஏக்கர், மூட்டை என்றால் எங்கள் பக்கம் 60 கிலோ நெல். தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளர் கையில் இருக்கும் நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர் என்கிறது 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பு. இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த அளவு நிலத்துக்காரருக்கு ரகத் தேர்வு தவறினால் அந்த வருஷமே தவறியது மாதிரிதான்.

கேள்விக்கு அச்சடித்த பதில் உண்டு. 2013இல் வெளியான கோ 51 ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயது 105 முதல் 110 நாள், ஹெக்டேருக்கு 6 டன்னுக்கு மேல். மாவுக்குக் கணக்குப் போட்டால் 13 மூட்டைக்கு மேலே வரும். அந்த எண்ணில் பொய் எதுவும் கிடையாது. ஒரு ரகம் முதலில் ஆராய்ச்சி நிலையத்து வயலில் தேர்ச்சி பெறுகிறது. பிறகு பல ஊர்களில் உள்ள பண்ணைகளிலும், கடைசியில் உழவர்களின் வயல்களிலும் சோதித்துப் பார்க்கப்படுகிறது. இந்தச் சோதனைகளின் சராசரிதான் அச்சில் ஏறுகிறது. ஆனால் அந்த வயல்களுக்குத் தண்ணீர் வரும் நாள் தெரியும். உரம் கைவசம் இருக்கும். களை தலைதூக்கினால் அன்றைக்கே ஆள் இறங்கும். உழவர் வயலில் நடக்கும் சோதனைக்குக்கூட, சொன்ன சொல்லைக் கேட்டுச் செய்கிற, கையில் வசதியுள்ள ஒருவரைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். அச்சிட்ட எண் அந்தச் சூழ்நிலையின் எண். உழவர் கேட்பதோ தன் மூன்று மாவின் எண்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பத்திரிகைச் செய்திகளில் இந்தக் குழப்பம் ஓயாமல் வருகிறது. ரகத்தின் விளைச்சலை நெல்லாகச் சொல்வார்கள். மாநிலத்தின் சராசரி விளைச்சலை அரசுப் புள்ளிவிவரம் பெரும்பாலும் அரிசியாகச் சொல்லும். நூறு கிலோ நெல்லுக்கு அரிசி சுமார் 67 கிலோதான். ஹெக்டேருக்கு மூன்றரை டன் அரிசி என்று படித்தால் அது ஐந்து டன்னைத் தாண்டிய நெல். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து "நம் உழவர்கள் பாதிகூட எடுப்பதில்லை" என்று எழுதுவது உழவருக்குச் செய்யும் அநியாயம்.

இடைவெளி உண்டு, அதை நான் மறுக்கவில்லை. கையால் எடை போட்டுப் பார்த்ததுதான். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று ஒரு வேலை எங்களுக்கு உண்டு. குலுக்கல் முறையில் ஒரு வயலைத் தேர்ந்து, அதில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, அந்த 25 சதுர மீட்டரில் உள்ளதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போட வேண்டும். அதில் ஒரு கிலோ கூடினால் ஏக்கருக்கு 160 கிலோ கூடும். ஒரே வாய்க்காலில், ஒரே கடையில் வாங்கிய சி.ஆர். 1009 விதையைப் போட்ட இரண்டு வயல்களில் ஒரே வாரத்தில் கயிறு கட்டினேன். வாய்க்கால் தலைப்பில் இருந்த வயலில் 15 கிலோ. வால் பக்கத்தில் இருந்த வயலில் 10 கிலோ. முன்னதில் ஏக்கருக்கு 40 மூட்டை, பின்னதில் 27. வால் பக்கத்து வயல்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அவரு வெதையும் எம் வெதையும் ஒரே மூட்டைதாம்மா. எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

அந்தக் கேள்விக்குத் தவணை தவணையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. முதல் தவணை வயலிலேயே எண்ணிப் பார்க்கக்கூடியது. ஒரு சதுர மீட்டரில் எத்தனை கதிர், ஒரு கதிரில் எத்தனை பால் பிடித்த மணி, ஆயிரம் மணியின் எடை எவ்வளவு: இந்த மூன்றின் பெருக்கல்தான் கண்டுமுதல். 350 கதிர், கதிருக்கு 100 மணி, ஆயிரம் மணிக்கு 22 கிராம் என்றால் ஹெக்டேருக்கு 7.7 டன். மற்ற இரண்டும் அப்படியே இருக்க, கதிர் மட்டும் 250 ஆகக் குறைந்தால் 5.5 டன். மணியின் எடையைப் பெரும்பாலும் ரகம் தீர்மானிக்கிறது. சன்ன ரகங்களில் 15 கிராம் அளவில் நிற்கும், சி.ஆர். 1009இல் 23, 24 கிராம் வரும். கதிர் எண்ணிக்கையை நடவும் முதல் நாற்பது நாள் பராமரிப்பும் தீர்மானிக்கின்றன. மணி நிறைவதைப் பூக்கும் வாரத்து வெயிலும் தண்ணீரும் தீர்மானிக்கின்றன. விதை மூட்டைக்குள் இருப்பது இந்தப் பெருக்கலில் ஒரு பங்கு.

உயர் விளைச்சல் ரகங்கள் பிறந்த கதையிலேயே இது எழுதியிருக்கிறது. பழைய நெட்டை ரகங்களுக்கு உரம் போட்டால் தாள் உயர்ந்து, கதிர் கனத்து, காற்றில் சாய்ந்துவிடும். பிலிப்பைன்ஸில் 1960இல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், இந்தோனேசியாவின் பேட்டா என்ற நெட்டை ரகத்தையும் தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை ரகத்தையும் இணைத்து 1966இல் ஐ.ஆர். 8ஐக் கொடுத்தது. அங்கே சோதனை நடத்தியவர்களில் முக்கியமானவர் எஸ்.கே. தே தத்தா என்ற இந்திய உழவியல் அறிஞர். உரமே இல்லாமல் ஹெக்டேருக்கு ஐந்து டன் அளவிலும், முழு உரத்தோடு பத்து டன்னை நெருங்கியும் கண்டது அந்தச் சோதனை. தமிழ்நாட்டு உழவர் ஒருவர் தன் மகனுக்கே ஐ.ஆர். எட்டு என்று பெயர் வைத்தார். பத்து டன் என்ற எண் உலகம் சுற்றியது. அது கோடைப் பருவத்தின் முழு வெயிலிலும், குறையாத தண்ணீரிலும், முழு உரத்திலும் வந்தது என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. குட்டைத் தாள் தந்த ஆற்றல், போட்ட உரத்தைச் சாயாமல் தாங்கி மணியாக்குவது. போட உரமும் நிறுத்தத் தண்ணீரும் இல்லாதவருக்கு அந்த ஆற்றலில் பாதி வயலுக்கே வராது.

நம் பக்கத்துக்கும் இந்த வரலாற்றில் சொந்தப் பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இலேயே தொடங்கிவிட்டது. ஐ.ஆர். 8 வருவதற்குச் சற்று முன்பே, ஜப்பானின் நோரின் 10 நெல்லோடு நம் ஜி.இ.பி. 24ஐ இணைத்து ஆடுதுறை 27ஐ எடுத்தார்கள். 105 நாள் ரகம். தஞ்சைக் குறுவையையே அது மாற்றியது. திரூர்குப்பத்தின் டி.கே.எம். 6, 1969இல் வந்த ஐ.ஆர். 20க்குத் தண்டு துளைப்பானைத் தாங்கும் குணத்தைக் கொடுத்தது. ஆனால் அதே காலத்தில், 1973-74இல், கேம்பிரிட்ஜ், சென்னை அறிஞர்கள் வட ஆற்காட்டிலும் இலங்கையின் தென்கிழக்கிலும் ஊர் ஊராகப் போய் ஆய்ந்தபோது, புதிய ரகங்கள் அரசுக் கணக்கு சொன்ன அளவுக்கு வயலில் இல்லை என்று கண்டார்கள். ஏரியிலும் கிணற்றிலும் இருக்கும் தண்ணீருக்கும் பருவத்துக்கும் எந்த ரகம் பொருந்துமோ அதைத்தான் உழவர்கள் போட்டிருந்தார்கள். அறியாமை என்று அதற்குப் பெயர் சூட்டியவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். கடைமடைக்காரர்களிடம் எதைப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையைக் குறுவைக்காகத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. இந்த இரண்டு தேதிகளுக்குள் எங்கள் பயிரின் ஆயுள் அடங்க வேண்டும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12 அன்று அணை திறக்கப்படவில்லை. 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2023இல் உரிய நாளில் திறந்தும், நீர் இருப்பு இல்லாமல் அக்டோபர் 10இல் மூடினார்கள். 2024இல் திறந்தது ஜூலை 28. ரகத்தின் வயது 110 நாள், 135 நாள், 155 நாள் என்று விதைப் பையில் உறுதியாக அச்சிட்டிருக்கிறது. அணையின் தேதி எந்தப் பையிலும் இல்லை.

2016ஐ நினைத்துப் பாருங்கள். அணை திறந்தது செப்டம்பர் 20. கல்லணை தாண்டி, வெண்ணாறு பிரிந்து, பாண்டவையாறும் வெள்ளையாறும் அரிச்சந்திரா நதியும் அடப்பாறும் கடந்து, கிளை வாய்க்காலின் வாலுக்குத் தண்ணீர் வர இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 5இல் விதைத்தால் 155 நாள் சி.ஆர். 1009 அறுவடைக்கு வருவது மார்ச் இரண்டாம் வாரம். அணையோ ஜனவரி 28இல் மூட வேண்டியது. கதிர் வந்து பால் பிடிக்கும் நாளில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். அதே நாளில் 120 நாள் ரகம் விதைத்தால் பிப்ரவரி முதல் வாரத்தில் அறுக்கலாம். இதை அறியாத உழவர் எங்கள் பக்கம் இல்லை. ஆனால் ஆடியில் சம்பாவுக்கென்று வாங்கி வைத்தது சி.ஆர். விதை. புரட்டாசியில் குறுகிய வயது விதைக்கு அலைந்தால் தனியார் கடையில் விலை ஏறியிருக்கும், அல்லது சரக்கே இருக்காது. கையில் இருப்பதைத்தான் விதைப்பார்.

மேல்மடையில் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் அணையைப் பாராமல் வைகாசியிலேயே நாற்று விட்டுவிடுவார். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் நிலத்தடி நீர் உப்பு. போர் போட்டாலும் பயிருக்கு ஆகாது. அந்த மண்ணுக்கு உவரைத் தாங்கும் திருச்சி 1 போன்ற ரகங்கள் உண்டு. ஆனால் உவரைத் தாங்கும் ரகமும் நல்ல தண்ணீரில் உப்பு கழுவப்பட்ட வயலில்தான் மகசூலைக் காட்டும்.

தண்ணீர் தள்ளிப் போவதால் நாற்றுக்கு வரும் கேட்டை வெளியூர்க்காரர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. குறுவை ரக நாற்றை 18 முதல் 22 நாளுக்குள் பறித்து நட்டுவிட வேண்டும். மத்திய கால ரகத்துக்கு 25 முதல் 30 நாள், நீண்ட கால ரகத்துக்கு 35 நாள் வரை தாங்கும். முறைப்பாசனத்தில் தண்ணீர் ஒரு வாரம் நின்றால் வயலில் சேறு அடிக்க முடியாது. நாற்று நாற்றங்காலிலேயே முற்றிவிடும். குறுகிய வயது ரகத்தின் முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாமல் அவசரமாகக் கதிர் தள்ளும். அந்தக் கதிர் சின்னதாக, பாதி உறைக்குள்ளேயே நிற்கும். எவ்வளவு யூரியா போட்டாலும் இழந்த தூர் திரும்பாது. விதை நல்ல விதை, ரகம் நல்ல ரகம், உழவரும் நல்ல உழவர். வாய்க்கால் பத்து நாள் வராமல் போனது, அவ்வளவுதான்.

தண்ணீர் வராத ஊரே ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீரில் மூழ்குவதும் எங்கள் விதி. வடகிழக்குப் பருவமழை மேலே கொட்டும், மேல்மடையில் வடிந்ததெல்லாம் எங்கள் வயல் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டியிருக்கும், முகத்துவாரம் தூர்ந்திருக்கும். இங்கே ஆராய்ச்சியாளர்கள் செய்த ஒரு பெரிய நன்மையைச் சொல்ல வேண்டும். ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகம் வெள்ளத்துக்குள் மூச்சடக்கிக் கிடந்து பிழைக்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்து, சப்-1 என்று பெயரிட்டு, ஏற்கெனவே உழவர்கள் விரும்பிப் போடும் ரகங்களுக்குள் கலப்பு முறையில் சேர்த்தார்கள். ஸ்வர்ணா சப்-1 இந்தியாவில் 2009இல் வெளியானது. பிறகு எங்கள் சி.ஆர். 1009க்கும் சப்-1 வந்தது. இளம்பயிர் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும், தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும்.

இந்த ஸ்வர்ணா சப்-1ஐ வைத்து ஒடிசாவில் நடந்த ஆய்வு, இந்த விஷயத்தில் நான் படித்தவற்றிலேயே என்னை மிகவும் யோசிக்க வைத்தது. குலுக்கல் முறையில் சில கிராமத்து உழவர்களுக்கு அந்த விதையைக் கொடுத்தார்கள். பத்து நாள் வெள்ளம் நின்ற வயல்களில் சாதாரண ஸ்வர்ணாவைவிட 45 சதவீதம் அதிகம் விளைந்தது. விதையின் குணம், எதிர்பார்த்ததுதான். அடுத்து வந்த முடிவு எதிர்பாராதது. வெள்ளம் வந்தாலும் முழுசாகப் போகாது என்ற நம்பிக்கை வந்த பிறகு, அந்த உழவர்கள் கூடுதல் நிலத்தில் பயிர் செய்தார்கள், கூடுதல் உரம் போட்டார்கள், கைவிதைப்பை விட்டு நடவுக்கு மாறினார்கள், கடன் வாங்கத் துணிந்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வின்படி, வெள்ளம் வராத ஆண்டிலும் அவர்களின் விளைச்சல் கூடியது. பயம் குறைந்ததும் செலவு செய்யத் துணிவு வந்தது, அதுவும் மகசூலாயிற்று. தாழ்வான, வெள்ளம் தேங்கும் நிலங்கள் தாழ்த்தப்பட்ட சாதி உழவர்களின் கையில்தான் அதிகம் இருக்கின்றன, ஆகவே இந்த விதையால் அதிகப் பயன் அவர்களுக்கே என்றும் அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

எங்கள் ஊரில் உரத்தைக் கணக்காகக் குறைத்துப் போடுகிறவரைச் சோம்பேறி என்று திட்டுகிற அலுவலர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் 2020இல் நிவர் புயல் வந்ததையும், புரெவி வந்ததையும், அது போதாதென்று 2021 ஜனவரியில் முற்றிய கதிர் மழையில் சாய்ந்து முளைத்ததையும் கண்ணால் கண்டவர். மறுபடி மொத்தப் பணத்தையும் சேற்றில் இறக்கக் கை வராது. சப்-1 ரகமும் இளம்பயிரைத்தான் காப்பாற்றும். பூக்கும் காலத்து வெள்ளத்தையும் அறுவடைக் காலத்து மழையையும் வடிகால்தான் காப்பாற்ற வேண்டும்.

உழவர் கையில் இருப்பவை எவை? சில உண்டு, அவற்றின் பலனும் சிறியதல்ல.

நடவு முதலாவது. மத்திய கால ரகத்துக்கு 20க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் சதுர மீட்டருக்கு 50 குத்து வர வேண்டும். குறுவை ரகத்துக்கு 15க்கு 10, அதாவது 66 குத்து. சட்டம் வைத்து எண்ணினால் பல வயல்களில் 30, 35 குத்துதான் தேறும். வயல்காரர் நடவுப் பெண்களைக் குறை சொல்வார். அவர்களில் மூத்த ஒருவர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "ஏக்கருக்கு இவ்வளவுன்னு மொத்தமா பேசிடுறாங்க. அப்புறம் நெருக்கி நடு, நெருக்கி நடுன்னா எப்படிம்மா? குனியுற இடுப்பு எங்களுதுதானே." அவர் சொன்னதில் நியாயம் முழுக்க இருக்கிறது. நெருக்கி நட அதிக நேரம் ஆகும், அதற்கு அதிகக் கூலி வேண்டும். சதுர மீட்டருக்கு 20 குத்து குறைந்தால் போகிற நெல்லின் விலை, அந்தக் கூடுதல் கூலியைவிடப் பல மடங்கு. குத்துக் கணக்கு சொல்லி, அதற்கேற்ற கூலி பேசி நட்ட வயல்களில் தூர் நிறைந்து நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

விதை அடுத்தது. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். கலவன் பிடுங்கி, நன்றாகக் காயவைத்தால் சொந்த விதையை இரண்டு மூன்று பருவம் தயங்காமல் போடலாம். ஆண்டுதோறும் புது விதை வாங்கியே தீர வேண்டும் என்பது வியாபாரிகளின் பேச்சு. வாங்குவதானால் நீலநிறச் சான்று அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் குறைந்தது 80 சதவீத முளைப்பும் 98 சதவீதத் தூய்மையும் உண்டு. சொந்த விதையோ கடை விதையோ, உப்புக் கரைசலில் தேற்றிவிட்டு விதைக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் புதிய கோழி முட்டையைப் போட்டு, அது மேலே மிதந்து கால்ரூபாய் நாணயம் அளவு ஓடு வெளியே தெரியும்வரை உப்பைக் கரையுங்கள். அதில் விதையைக் கொட்டினால் பொக்கு மிதக்கும், கனத்த விதை அடியில் தங்கும். தங்கியதை இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசிவிட்டு முளைக்கட்ட வேண்டும். செலவு உப்பு மட்டும். நாற்று ஒரே சீராக எழும்பும்.

உரத்தில் நடக்கும் கோணலுக்கு உழவர் மட்டும் பொறுப்பல்ல. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய். பொட்டாஷும் விலை அதிகம்தான். 2010இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை அதற்கு வெளியே நிறுத்தி, விலையைக் கட்டி வைத்தார்கள், மற்றவை ஏறின. கையில் காசு குறைந்தவர் எதை வாங்குவார்? யூரியாவைத்தான். பயிர் கருகருவென்று நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். அந்தக் கருமையைத் தேடித்தான் புகையான் வரும், இலைச்சுருட்டுப்புழு வரும், குலைநோய் வரும். வெள்ளைப் பொன்னியும் ஆந்திரா பொன்னி என்று நாம் அழைக்கும் பி.பி.டி. 5204உம் சாய்ந்துவிடும். இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலையை அதோடு ஒத்துப் பார்த்து, நான்காம் எண் நிறத்துக்குக் கீழே போனால் மட்டும் யூரியா போட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண். அட்டை பிளாஸ்டிக் துண்டுதான், விலை அற்பம். எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நட்டால் அடிப்பகுதிக்குக் காற்றும் வெளிச்சமும் போய்ப் புகையான் அடங்கும். நடவின்போது ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவினால், இளம்பயிர் இலையில் துருப்புள்ளி விழுந்து வளர்ச்சி குன்றுவது நிற்கும். இந்த ஒரு சத்துக் குறையால் எங்கள் களிமண் வயல்களில் வீணாகும் நெல்லை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆற்றாமையாக இருக்கிறது.

எல்லாம் தெரிந்தும் நேரத்துக்குச் செய்ய முடியாதவர் குத்தகைதாரர். படுகையில் கோயில் நிலமும் மடத்து நிலமும் வெளியூர்க்காரர் நிலமும் ஏராளம். வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவருக்கு அடங்கலில் பெயர் ஏறாது. பெயர் இல்லாவிட்டால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைப்பது கடினம், பயிர்க் காப்பீட்டிலும் சிக்கல். தூர் கட்டும் வாரத்தில் போட வேண்டிய மேலுரத்தை, வட்டிக்குப் பணம் கிடைத்த பிறகு பத்து நாள் தள்ளிப் போடுவார். உரம் அதே உரம், அளவும் அதே அளவு, ஆனால் தூர் கட்டும் பருவம் கடந்துவிட்டது. தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று சொந்தக்காரர் அஞ்சுவதால், பெரும்பாலான குத்தகைகள் பேச்சோடு நிற்கின்றன.

ரகத்தை மகசூலுக்காக மட்டும் யாரும் தேர்வதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பி.பி.டி. நோய்க்கு ஆளாகும், சாயும், மூட்டையும் குறைவாகக் காணும். ஆனால் வியாபாரி களத்துமேட்டுக்கே வந்து கூடுதல் விலை கொடுப்பார். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்கும் பொது ரகத்துக்கும் விலை வித்தியாசம் சொற்பம்; ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள். தை மழையில் எங்கே காயவைப்பது? அதிக மூட்டை காணும் ரகத்தைப் போட்டுச் சாலையோரம் காவல் கிடப்பதைவிட, குறைந்த மூட்டையும் கைமேல் பணமும் மேல் என்று ஒருவர் முடிவு செய்தால் அது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் நான் தவறு கண்டதில்லை.

புதிய ரகம் வெளியாகும்போதெல்லாம் நான் சந்தோஷப்படுகிறவள். ஆடுதுறைக்காரர்களின் உழைப்பு எங்களுக்குச் சோறு போட்டது. என் வேண்டுகோள் அந்த ரகத்தை வயலுக்குக் கொண்டுவரும் அரசிடம். வடிகால்களையும் முகத்துவாரங்களையும் சித்திரைக்குள் தூர்வாரி முடியுங்கள். அணை திறக்கும் நாளையும், நீர் இருப்பு எத்தனை நாளுக்குத் தாங்கும் என்பதையும் வைகாசி முதல் வாரத்திலேயே ஊராட்சிப் பலகையில் எழுதுங்கள். தண்ணீர் தள்ளிப் போனால் மாற்றிக்கொள்ள, குறுகிய வயது விதையைப் புரட்டாசி வரை கிடங்கில் இருப்பு வையுங்கள். உழுகிறவர் பெயரை அடங்கலில் ஏற்றுங்கள். ரகச் சோதனைகளில் பாதியையாவது வாய்க்காலின் வால் பக்கத்து வயல்களில் நடத்தி, அங்கே வந்த எண்ணையும் விதைப் பையில் அச்சிடுங்கள்.